மஞ்சள் அட்டை மட்டும் போதாது: ஆப்பிரிக்கா செல்லும் ரிக் ஆட்கள் கவனத்துக்கு

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை என்பார்கள். அந்த வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போக ஆரம்பித்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. வண்டி கடல் வழியாகப் போகும். டிரில்லர், மெக்கானிக், சமையல்காரர், உதவியாட்கள் விமானத்தில் பின்னால் போவார்கள். அவர்களில் பலருடைய வீட்டுக்கு மளிகைப் பற்று நம் உறுப்பினர்களின் கடையில்தான் இருக்கிறது. ஆகவே இந்த விஷயம் நமக்குச் சம்பந்தமில்லாதது அல்ல.

புறப்படுகிறவரை "எல்லாம் ஆயிற்றா?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஊசி போட்டாச்சுங்க, அட்டையும் வாங்கியாச்சு." அந்த ஊசி எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் மலேரியாவுக்கு என்கிறார்கள். சிலர் மஞ்சள் காமாலைக்கு என்கிறார்கள். இரண்டும் தவறு. அது மஞ்சள் காய்ச்சல் என்ற வேறொரு நோய்க்கான ஊசி. மலேரியாவை அது துளியும் தடுக்காது.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். கொசு இங்கே ஏராளம். நோய் மட்டும் இதுவரை நாட்டுக்குள் காலூன்றவில்லை. நம் அரசு இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுவே. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டையில்லாமல் வந்து இறங்கினால், 6 நாள் வரை தனியே வைத்துக் கண்காணிக்க விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அட்டை போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும் வேண்டும்.

இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. 1899-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை நம் பக்கத்து ஆட்கள் நன்றாகவே அறிவார்கள். ஒரு புட்டியில் பல பேருக்கான மருந்து இருக்கும். உடைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் முன்பதிவு கேட்பார்கள், நாள் குறிப்பார்கள். நினைத்த நாளில் பஸ் ஏறிப் போய் நின்றால் திரும்பி வர நேரிடும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் போதும். பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் பழைய விதி 2016 ஜூலையில் போய்விட்டது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மஞ்சள் அட்டை விஷயம் இவ்வளவே. பணமும் நாளும் செலவாகுமே தவிர, வழி தெளிவாக இருக்கிறது. ஆளைக் கொல்வது மலேரியா.

2023-இல் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கப் பகுதியில் இறந்தவர்கள். மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. அங்கே போகிறவர் ஊசி தேவையில்லை என்றதும் கவலையே இல்லை என்று கிளம்பிவிடுகிறார். மலேரியாவோ அங்கு மிகக் கடுமை. நம் சேலம், நாமக்கல் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. குளிர், நடுக்கம், குளோரோகுயின் மாத்திரை என்று போய்விடும். அங்கே இருப்பது பால்சிபாரம். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கவனிக்காவிட்டால் சில நாட்களில் ஆளை முடித்துவிடும். குளோரோகுயின் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் அதற்குக் கேட்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் சிறு வயதிலிருந்து பலமுறை பட்டு ஓரளவு தாங்கும் சக்தி பெற்றிருப்பார்கள். நம் பையன்களுக்கு அது இல்லை. "கூட வேலை செய்கிற உள்ளூர்க்காரன் வலையில்லாமல் தூங்குகிறானே" என்பது கணக்கில் சேராது.

மலேரியாவுக்கும் தடுப்பூசி வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கிறது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஒன்றைப் புனே சீரம் இன்ஸ்டிடியூட்தான் தயாரிக்கிறது. ஆனால் அது மலேரியா உள்ள நாட்டுக் குழந்தைகளுக்கானது. வேலைக்குப் போகும் நம் ஆட்களுக்கு அல்ல. இவர்களுக்கு மாத்திரையும் வலையும்தான்.

மாத்திரையில் சில வகை உண்டு. டாக்ஸிசைக்ளின் தினம் ஒன்று. புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பி 4 வாரம் வரை நிறுத்தக்கூடாது. வெயிலில் தோல் சிவந்து எரியலாம் என்பதால் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் ரிக் ஆட்கள் இதைச் சொல்லியே டாக்டரிடம் கேட்க வேண்டும். மெப்ளோகுயின் வாரம் ஒன்று. இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனக்கோளாறு, வலிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது. வருடக்கணக்கில் தங்குகிறவருக்கு எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த அட்டையை வாங்கிப் போவது வேண்டாம்.

கொசுவத்தியை நானும் பெட்டி பெட்டியாக விற்கிறவன்தான். இருந்தாலும் சொல்கிறேன், அதை மட்டும் நம்பி அங்கே படுக்கக்கூடாது. மலேரியாக் கொசு இருட்டிய பின் விடியும் வரை கடிக்கும். லாரி மேலேயும் கூடாரத்திலும் படுக்கிறவர்களுக்கு மருந்தூட்டிய கொசு வலை கட்டாயம். இரவில் போர் ஓடும்போது முழுக்கைச் சட்டை, பூசும் மருந்து.

எங்களிடம் பற்று வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பையன் ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் காய்ச்சலில் விழுந்தான். இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சலுக்கே மருந்து சாப்பிட்டான். மூன்றாவது நாள் வேறொரு டாக்டர், "எங்கே வேலை பார்த்தாய்?" என்று கேட்டு ரத்தம் பார்த்தார். பால்சிபாரம். ஐந்து நாள் ஐ.சி.யு.வில் இருந்து பிழைத்தான். அங்கே போய்ச் சேர்ந்த ஏழாம் நாள் முதல், திரும்பிய பிறகு 3 மாதம் வரை, எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று நாமே சொல்ல வேண்டும். வேளையோடு கண்டுபிடித்தால் மூன்று நாள் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளை நம் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். இரும்புக் குழாயோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு டெட்டனஸ் ஊசி பாக்கியிருக்கக்கூடாது.

வண்டி கப்பலேறும் முன்பே அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், புளி என்று குழுவுக்கான மளிகைப் பட்டியல் நம் கடைக்கு வந்துவிடும். ஆட்கள் புறப்பட அப்போது இன்னும் சில வாரம் இருக்கும். கிண்டிக்கு நாள் வாங்கவும், டாக்டரைப் பார்க்கவும், மாத்திரை தொடங்கவும் அந்த நாட்கள் போதும். பட்டியலை எடுத்து வைக்கும்போது வலை எத்தனை, மாத்திரைக்கு டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.