மறதி செய்த களவு

பள்ளிக்கு நடந்து போகும்போது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கிறீர்கள். எங்கே கேட்டது என்று யோசித்தால் நினைவுக்கு வருவதில்லை. நாமே அமைத்த மெட்டோ என்றுகூடத் தோன்றும். இத்தகைய மறதி ஒரு பெரிய இசைக் கலைஞரை நீதிமன்றத்தில் நிறுத்தியது.

ஜார்ஜ் ஹாரிசன் ‘பீட்டில்ஸ்’ என்னும் ஆங்கிலேய இசைக்குழுவைச் சேர்ந்தவர். 1970-இல் ‘மை ஸ்வீட் லார்ட்’ என்ற பாடலை வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். 1971-இல் அமெரிக்காவில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1963-இல் ‘ஷிஃபான்ஸ்’ என்ற பெண்கள் குழு பாடிய பாடலின் மெட்டு இது என்றது, அதன் பதிப்புரிமையை வைத்திருந்த நிறுவனம். அந்த மெட்டை அமைத்த ரானி மாக் 1963-லேயே இறந்துவிட்டார்.

இரண்டு பாடல்கள் ஓரிடத்தில் ஒத்திருந்தால் அது களவாகிவிடுமா? ஆகாது. இருப்பவை சில ஸ்வரங்களே. யார் மெட்டமைத்தாலும் அங்கங்கே ஒற்றுமை வரத்தான் செய்யும். ஆகவே நீதிமன்றம் இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. பின்னால் வந்தவர் முந்தைய பாடலைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா? தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு ஒற்றுமை இருக்கிறதா?

நியூயார்க் நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமும் ஓர் இசையமைப்பாளர். அவர் மெட்டுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்தார். நம் முறையில் சொன்னால், ‘ப க ரி’ என்பது ஒரு துண்டு. ‘ப த ஸ த ஸ’ என்பது மற்றொன்று. தனித்தனியே இவை சாதாரணமானவை. ஆனால் முதல் துண்டை நான்கு முறையும், அதையடுத்து இரண்டாவதை மூன்று நான்கு முறையும் அடுக்கிய விதம் அபூர்வமானது. அந்த அடுக்கு இரு பாடல்களிலும் இருந்தது. பழைய பாடலைக் கேட்டிருப்பதாக ஹாரிசனும் ஒப்புக்கொண்டார்.

1976-இல் தீர்ப்பு வந்தது. ஹாரிசன் வேண்டுமென்றே திருடவில்லை. அவர் அறியாமலே ஆழ்மனம் பழைய மெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆயினும் உரிமை மீறல் மீறலே! 1981-இல் அவர் தரவேண்டிய தொகை 5,87,000 டாலர் என்று முடிவாயிற்று.

இது எப்படி நேர்கிறது? ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் உதிர்ந்துவிட்டது. நம் நினைவும் இப்படித்தான். மெட்டு தங்கிவிடும், அது வந்த வழி மறந்துபோகும். உளவியலார் இதைக் ‘கிரிப்டோம்னீசியா’ என்பர்.

நாளை நீங்களும் ஒரு மெட்டு அமைக்கலாம். அதை முதலில் நாலு பேருக்குப் பாடிக் காட்டுங்கள். உங்களுக்கு மறந்தது அவர்களுக்கு நினைவிருக்கலாம் அல்லவா?