நம் கூட்டமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி – ஏன்? எப்படி?



ராகி மாவு, புளி, துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு, ஆயுத பூஜைக்குப் பொரிகடலைப் பொட்டலம் என்று நம் குழுக்கள் செய்யும் பொருட்களைக் கம்பெனிகளுக்கும் கொடுக்கலாம். ஓசூர் சிப்காட்டில் கம்பெனிகள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திராவிலும் இருக்கின்றன. நாம் மாதிரிப் பொட்டலத்தோடு கேட்டில் போய் நின்றால் பர்ச்சேஸ் ஆபீசில் என்ன சொல்கிறார்கள்? "விலைப்பட்டியலை மெயில்ல அனுப்புங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றோம்." இதுதான் முதல் வார்த்தை.

அப்போது நாம் யாருடைய முகவரியைக் கொடுக்கிறோம்? பல இடங்களில் செயலாளரின் சொந்த முகவரி. அதையும் அவர் மகனோ மருமகளோதான் போனில் திறந்து கொடுத்திருப்பார்கள். ஒரு வருடம் எல்லாம் நன்றாகப் போகும். பிறகு நிர்வாகிகள் மாறுவார்கள். புது செயலாளர் வருவார். ஆனால் ஆயுத பூஜை ஆர்டர் பழைய செயலாளரின் போனுக்குத்தான் வந்து விழும். அவர் போனை மாற்றியிருப்பார், கடவுச்சொல் மறந்திருக்கும். கம்பெனி ஒரு வாரம் பார்க்கும். பதில் வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளும். ஆர்டர் வந்ததே நமக்குத் தெரியாது. யார் மேலும் கோபப்பட முடியாது. யாரும் தப்பு செய்யவில்லை, முகவரிதான் தப்பான பெயரில் இருந்தது.

1989-ல் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. நம் கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. இத்தனை வருடமாக நாம் எல்லாரும் படித்த பாடம் ஒன்று உண்டு. குழுப் பணம் யார் வீட்டுப் பெயரிலும் இருக்கக் கூடாது. பாஸ் புத்தகம் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் ஆள் மாறலாம், கணக்கு மாறாது. அதே சட்டம்தான் மின்னஞ்சலுக்கும். முகவரி பதவிக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல.

கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. அது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

முகவரியைப் படிப்பது எப்படி?

ஒரு மின்னஞ்சல் முகவரியில் நடுவில் @ என்ற குறி இருக்கும். அதை 'அட்' என்று படிக்கிறோம். 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர்தான் இந்தக் குறியை முகவரிக்கு நடுவில் வைத்தார். குறிக்கு முன்னால் இருப்பது பெட்டியின் பெயர். பின்னால் இருப்பது இடத்தின் பெயர். அந்த இடப் பெயரை 'டொமைன்' என்கிறார்கள்.

தபாலில் பின்கோடு இருக்கிறதே, அது மாதிரி. ஓசூருக்கு 635109. முதல் எண் 6 என்றால் கடிதம் தமிழ்நாடு, கேரளா பக்கம் போகும். சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளிக்கு எழுதினால் பின்கோடு 5-ல் தொடங்கும், அது கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா பக்கம். கடிதத்தைப் பிரிக்கிறவர் முதலில் நம் பெயரைப் பார்ப்பதில்லை, பின்கோடைத்தான் பார்க்கிறார். ஊர்த் தபால் ஆபீசுக்கு வந்த பிறகுதான் பெயரைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மின்னஞ்சலும் அப்படியே. முதலில் @ குறிக்குப் பின்னால் உள்ள இடப் பெயர். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பெட்டியின் பெயர்.

மூன்று விஷயம் தனித்தனி

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. இடப் பெயர் வேறு, சர்வர் வேறு, பெட்டி வேறு.

இடப் பெயரை வருடச் சந்தா கட்டிப் பதிவு செய்ய வேண்டும். '.இன்' என்று முடியும் பெயருக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். சர்வர் என்பது தபால் ஆபீஸ் மாதிரி. நம் கடிதங்களை இரவு பகல் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அது. பெரிய கம்பெனி சொந்தமாக வைத்திருக்கும், அல்லது வாடகைக்கு எடுக்கும். நமக்கு வாடகைதான் சரி. பெட்டி என்பது அந்தத் தபால் ஆபீசுக்குள் நம் பெயர் எழுதிய அறை.

"இந்த இடப் பெயருக்கு வரும் கடிதத்தை எந்த சர்வரில் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள். அதற்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். சர்வரை மாற்ற வேண்டுமானால் இந்தக் குறிப்பை மாற்றினால் போதும், முகவரி மாறாது.

இதற்குப் பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் அலுவலக மின்னஞ்சல், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸோகோ நிறுவனத்தின் சேவைக்கு மாற்றப்பட்டதாக 2025-ல் செய்தி வந்தது. தபால் ஆபீசே மாறிவிட்டது. ஆனால் முகவரி பழைய மாதிரி 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' என்றுதான் முடிகிறது. இடப் பெயர் அரசாங்கத்தின் கையில் இருப்பதால்தான் இது முடிந்தது.

அதனால் சகோதரிகளே, கவனம். கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் "நீயே பார்த்துச் செய்துடுப்பா" என்று விட்டுவிடாதீர்கள். அவர் தன் பெயரிலேயே இடப் பெயரைப் பதிவு செய்துவிட்டால் அது சட்டப்படி அவருடையது ஆகிவிடும். கூட்டமைப்பின் பெயர், கூட்டமைப்பின் முகவரி, கூட்டமைப்பின் செல்போன் எண் கொடுத்துப் பதிய வேண்டும். ரசீதை வாங்கி ஃபைலில் வையுங்கள். சந்தா கட்டும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கட்ட மறந்து கெடு தாண்டிவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்புறம் நமக்கு வரும் கடிதம் எல்லாம் அவர் வீட்டுக்குப் போகும்.

எத்தனை பெட்டி வேண்டும்?

வாடகை பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில் வரும். அதனால் ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். முதலில் இரண்டு போதும். ஒன்று 'செயலாளர்', இன்னொன்று 'கணக்கு'. பெயரை ஆங்கிலத்தில் சின்னதாக, போனில் சொன்னால் எழுதக் கூடியதாக வையுங்கள். கன்னடம், தெலுங்கு பேசும் பர்ச்சேஸ் ஆபீசர்களும் பிழையில்லாமல் அடிக்க வேண்டும் அல்லவா?

பெட்டி கூட்டாமலே வசதி கூட்ட இரண்டு வழி உண்டு.

ஒன்று, மாற்றுப் பெயர். ஆங்கிலத்தில் 'ஏலியாஸ்'. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் இருந்தாலும் பிள்ளை ஒன்றுதானே? அது மாதிரி 'ஆர்டர்', 'விசாரணை' என்று இரண்டு முகவரி கொடுத்து, இரண்டுக்கும் வரும் கடிதம் செயலாளர் பெட்டியிலேயே விழும்படி செய்யலாம். இதற்குப் பெரும்பாலும் தனி வாடகை கிடையாது.

இரண்டு, குழு முகவரி. 'நிர்வாகிகள்' என்று ஒரு முகவரி. அதற்கு ஒரு கடிதம் வந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் ஒவ்வொரு நகல் போகும். கம்பெனி ஆர்டருக்கு இதையே கொடுப்பது நல்லது. ஒருவர் ஊருக்குப் போயிருந்தாலும் மற்ற இருவர் பார்ப்பார்கள். ஆனால் "அவங்க பதில் போட்டிருப்பாங்க" என்று மூன்று பேரும் சும்மா இருந்துவிடக் கூடாது. பதில் போடுவது யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சாவி யாரிடம்?

பெட்டிகளைத் திறக்க, மூட, கடவுச்சொல் மாற்ற ஒரு 'அட்மின்' கணக்கு இருக்கும். இதுதான் பீரோவின் பெரிய சாவி. இதை தினசரி வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். கடவுச்சொல்லை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரண்டு நிர்வாகிகள் கையெழுத்திட்டு, பணப்பெட்டியில் வையுங்கள்.

இரண்டு கட்டச் சோதனை என்று ஒன்று உண்டு. கடவுச்சொல் போட்ட பிறகு போனுக்கு ஓ.டி.பி. வரும். இதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அந்த ஓ.டி.பி. கூட்டமைப்பு அலுவலகப் போனுக்கு வர வேண்டும். யார் வீட்டுப் போனுக்கும் போனால் பழைய கதைதான்.

போனிலோ கம்ப்யூட்டரிலோ பெட்டியை இணைக்கும்போது 'ஐமேப்' வேண்டுமா, 'பாப்' வேண்டுமா என்று கேட்கும். ஐமேப் என்றே சொல்லுங்கள். ஐமேப்பில் கடிதம் சர்வரிலேயே இருக்கும், எந்தப் போனில் திறந்தாலும் தெரியும். பாப் முறையில் கடிதத்தை அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு, சர்வரில் அழித்துவிடும்படி அமைக்கலாம். அப்படி அமைத்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் கெட்டால் கடிதமும் போச்சு.

நம் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் குறிப்பு எஸ்.பி.எஃப். கடிதத்தின் மேல் முத்திரை மாதிரி இருப்பது டி.கே.ஐ.எம். இந்த இரண்டும் போட்டாச்சா என்று அமைத்துக் கொடுப்பவரிடம் கேளுங்கள். இவை இல்லாவிட்டால் நம் விலைப்பட்டியல் கம்பெனியின் குப்பைப் பெட்டியில் விழ வாய்ப்பு அதிகம்.

நிர்வாகிகள் மாறும்போது

ரொக்கப் புத்தகம், பேரேடு, ரப்பர் ஸ்டாம்ப் ஒப்படைப்பதோடு இதையும் சேருங்கள். அன்றைக்கே, கூட்டத்திலேயே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பழைய போன்களில் இருந்து பெட்டியை வெளியேற்ற வேண்டும். குழு முகவரியில் பழைய பெயரை எடுத்துப் புதிய பெயரைச் சேர்க்க வேண்டும். இது பழைய செயலாளர் மேல் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் இதுதான் பாதுகாப்பு. நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால் அவர் மேல் பழி வராது.

பணம் பத்திரம்

மின்னஞ்சலில் நடக்கும் பெரிய மோசடி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதுக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று கடிதம் வரும். பெயர் தெரிந்த பெயராகவே இருக்கும். முகவரியை உற்றுப் பார்த்தால் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். நாம் மூலப்பொருள் வாங்கும் கடைக்காரர் பெயரில் நமக்கும் வரலாம், நம் பெயரில் கம்பெனிக்கும் போகலாம். கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், நம் நோட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

கம்பெனி வேலைக்குப் போகும் மகளிடம் சொல்லுங்கள்

முகவரி பதவிக்குச் சொந்தம் என்ற பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. கம்பெனி கொடுத்த முகவரி கம்பெனிக்குத்தான் சொந்தம். அதில் வரும் கடிதத்தைக் கம்பெனி பார்க்க முடியும். வேலையை விட்டால் பெட்டியை மூடிவிடுவார்கள். அதனால் வங்கிக் கணக்கு, பி.எஃப்., இன்சூரன்ஸ் எதற்கும் அந்த முகவரியைக் கொடுக்கக் கூடாது. அதற்கெல்லாம் சொந்த முகவரி. வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று எல்லாவற்றுக்கும் தன் கையில் நகல் இருக்க வேண்டும்.

வேலை இடத்தில் யாராவது பாலியல் தொல்லை கொடுத்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தனி ஒரு ஆபீசர் பெயருக்கு மட்டும் அனுப்பாமல், அந்தக் குழுவின் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆபீசர் மாறிப் போனாலும் குழு முகவரி நிற்கும். புகாரின் நகலும் அனுப்பிய தேதியும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் எழுத ஒரு தீர்மானம்

படித்துவிட்டு மடித்து வைத்துவிடாமல், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை வாசியுங்கள். சரி என்று பட்டால் இப்படித் தீர்மானம் எழுதலாம்:

"கூட்டமைப்பின் பெயரில் இடப் பெயர் பதிவு செய்வது. செயலாளர், கணக்கு என இரண்டு பெட்டிகளும், நிர்வாகிகள் என ஒரு குழு முகவரியும் தொடங்குவது. வருடச் சந்தாவைக் கூட்டமைப்பு நிதியில் இருந்து செலுத்துவது. பெரிய கடவுச்சொல்லை உறையிட்டுப் பணப்பெட்டியில் வைப்பது. நிர்வாகிகள் மாறும் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றி ஒப்படைப்பது. இதுவரை தனிநபர் முகவரி கொடுத்துள்ள எல்லாக் கம்பெனிகளுக்கும் வங்கிக்கும் புதிய முகவரியை எழுத்தில் தெரிவிப்பது."

கடைசி வரி ரொம்ப முக்கியம் சகோதரிகளே. புது முகவரி தொடங்கிவிட்டு யாருக்கும் சொல்லாவிட்டால், ஆர்டர் இன்னும் பழைய போனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.