கருஞ்சேவல் கழுத்தில் கசியும் பொன்

கெடா மாநிலத்தின் கோலா கெத்தில் வட்டாரத்தில் கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: தாய்க்கோழி கன்னங்கரேல் என்று இருக்கிறது, பொரித்த குஞ்சுகள் மட்டும் ஏன் நாலைந்து நிறத்தில் இருக்கின்றன?

பாதிப் பதில் சுலபம். பெட்டை ஒருமுறை சேவலோடு சேர்ந்துவிட்டால் அதன் விந்தைத் தன் உடலுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு வைத்திருக்கும். லயத்துப் பக்கம் நான்கு சேவல்கள் திரிந்தால், ஓர் அடையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு நான்கு தகப்பன்கள் இருக்கலாம். நிறம் பார்த்து இணை சேர்க்க விரும்புகிறவர்கள் பெட்டையை மூன்று வாரமாவது தனியே அடைத்துவைத்து, அதன் பிறகே தேர்ந்தெடுத்த சேவலை விட வேண்டும்.

மீதிப் பதில்தான் சுவையானது. ஒரே சேவல், ஒரே பெட்டை என்று கூண்டில் அடைத்தாலும் குஞ்சுகள் பல நிறத்தில் வரத்தான் செய்யும்.

கோழியின் இறகில் முக்கியமாக இருப்பவை இரண்டே நிறமிகள். ஒன்று யூமெலனின், கறுப்பைத் தருவது. மற்றொன்று ஃபியோமெலனின், செம்மையும் பொன்னிறமும் தருவது. செவலை, சாம்பல், புள்ளி, பட்டை எல்லாமே இந்த இரண்டும் எங்கே கூடின, எங்கே குறைந்தன, எங்கே நின்றுபோயின என்பதன் விளைவு. சேவல் வாலில் மின்னும் பச்சைக்கு நிறமியே கிடையாது. விழுந்து கிடக்கும் வால் இறகு ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், பச்சை ஓடும். அதையே சூரியனுக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள், வெறும் கரும்பழுப்புதான் தெரியும். இறகின் நுண்ணிழைகளுக்குள் கருநிறமித் துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது.

எந்த நிறமியை எவ்வளவு செய்வது என்று முடிவெடுக்கும் மரபணுக்களில் தலையாயது எம்.சி.1.ஆர். மனிதர்களில் சிலருக்குச் செம்பட்டை முடி வருவதற்கும் இதே மரபணுவின் மாற்றம்தான் காரணம். கோழியில் இதன் ஒரு வடிவம் உடல் முழுவதையும் கறுப்பாக்கும். அது ஓங்கு பண்பு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும், கோழி கறுத்துவிடும். ஒரு பிரதி மட்டும் உள்ள சேவலையும் இரண்டு பிரதியும் உள்ள சேவலையும் எட்ட நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டப் போய்க் கழுத்து இறகை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஒற்றைப் பிரதிக்காரனின் கழுத்திலும் முதுகு ஓரத்திலும் செம்பொன் கசிந்திருக்கும். முனியாண்டிக்கு நேர்ந்துவிடும் சேவல் இன்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் உண்டு. கலப்பில்லாத கருஞ்சேவல் தேடுகிறவர்கள் முதலில் கழுத்தைப் புரட்டிப் பார்ப்பது இந்தக் கசிவுக்காகத்தான். மரபணு என்ற சொல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே கோழிக்காரர்களுக்குக் கைவந்த அறிவு அது.

இப்படி ஒற்றைப் பிரதி உள்ள கறுப்புச் சேவலையும் கறுப்புப் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு முதுகில் கோடு போட்டுப் பிறக்கும். பழுப்பும் கறுப்புமாக ஓடும் அந்தக் கோடுகள் காட்டுக்கோழிக் குஞ்சின் அடையாளம். பல தலைமுறைகளாகக் கறுப்புக்கு அடியில் மறைந்து வந்த காடு அங்கே வெளியே வருகிறது.

வெள்ளைக் கோழியின் கதை இன்னும் வியப்பானது. வெள்ளை என்பது தனி நிறமல்ல, மற்ற நிறங்கள் தடுக்கப்பட்ட நிலை. தடுக்கும் வழிகளும் பல. வெள்ளை லெகார்ன் இனத்தில் பி.மெல்.17 என்ற மரபணு மாறியிருக்கிறது. அது ஓங்கு பண்பு, குறிப்பாகக் கறுப்பைத் தடுக்கும். வெள்ளை வயண்டாட் இனத்தில் நடந்திருப்பது வேறு. நிறமி செய்யத் தேவையான டைரோசினேஸ் மரபணுவுக்குள் எப்போதோ ஒரு வைரஸின் துண்டு புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. இது ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வெள்ளை. இந்த இரண்டு இனங்களையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 16-இல் 3 குஞ்சு நிறத்தோடு பிறக்கும். தாத்தா பாட்டி நால்வரும் வெள்ளை, பெற்றோரும் வெள்ளை, பேரன் மட்டும் கறுப்பு! இரண்டு தடைகளும் சேர்ந்து விலகிய குஞ்சுகள் அவை. பிராய்லர் கோழிகளை வெள்ளையாகவே வளர்த்தெடுத்ததற்குக் காரணம் அழகல்ல. இறகு உரித்த தோலில் கரும்புள்ளி தெரியக்கூடாது என்பதுதான்.

நிறத்தை வைத்துக் குஞ்சு சேவலா பெட்டையா என்று சொல்லவும் முடியும். பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டையின் ஒரே இசட் மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகவே போகாது. உடலின் பொன்னிறத்தை வெள்ளியாக்கும் மரபணு இந்த இசட்டில் இருக்கிறது. ஆகவே பொன்னிறச் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் சேர்த்தால், மகன்கள் தாயின் வெள்ளியைப் பெற்று வெளிர்மஞ்சளாகவும், மகள்கள் தகப்பனின் பொன்னைப் பெற்றுப் பழுப்பாகவும் பிறப்பார்கள். திருப்பிச் சேர்த்தால் பலிக்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரெஜினால்ட் பன்னெட் இந்த வழியை முதல் உலகப் போர்க் காலத்திலேயே எடுத்துச் சொன்னார். இன்று உலகெங்கும் பழுப்பு முட்டையிடும் கோழிகளின் குஞ்சுகளைப் பொரித்த அன்றே பிரிப்பது பெரும்பாலும் இப்படித்தான். பல இடங்களில் சேவல் குஞ்சுகளை அன்றே கொன்றுவிடுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நிறத்தின் மேல் இத்தனை ஆசை இருந்தும், கிளந்தானில் உருவான செராமா கோழியில் நிறத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. அரைக் கிலோவுக்கும் குறைந்த அந்தச் சின்னக் கோழிக்கு மதிப்பெண் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் நிலைக்குத்தான். அதனால் ஒரே அடையில் எந்த நிறமும் வரலாம். இது நல்ல ஏற்பாடு என்பேன். ஒரே நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் முட்டை குறையும், குஞ்சு நலியும்.

இறகை விட்டுக் கொஞ்சம் காலைப் பார்ப்போம். கம்பத்துக் கோழிகளில் பலவற்றுக்குக் காலும் தோலும் மஞ்சள். தோலில் மஞ்சளைத் தங்கவிடும் அந்த மரபணு வடிவம் வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதையான செங்காட்டுக் கோழியிடமிருந்து வந்ததல்ல. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் கோழியின் ஒரு துணுக்கு இன்று கெடாவில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

மற்றபடி வீட்டுக்கோழியின் வேர் இந்தப் பக்கம்தான். உலகெங்குமிருந்து 863 பறவைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு, வீட்டுக்கோழி முதன்மையாகச் செங்காட்டுக் கோழியின் ஸ்பேடிசியஸ் என்ற உள்ளினத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது. வளர்ப்பு தொடங்கிய இடமாக அது காட்டுவது தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பகுதி. அதே உள்ளினம்தான் மலேசியத் தீபகற்பத்திலும் வாழ்கிறது. விடியற்காலையில் பால்மரக் காட்டு ஓரத்திலும் செம்பனைத் தோட்டத்திலும், கடைசி இழுவை வெட்டினாற்போல் சட்டென்று நின்றுபோகக் கூவுவது அந்தக் கோழிதான்.

அதற்கு இப்போது பெரிய ஆபத்து நம் வீட்டுச் சேவல்கள். அருங்காட்சியகங்களிலிருந்த பழைய காட்டுக்கோழி உடல்களை இன்றைய கோழிகளோடு ஒப்பிட்ட 2023-ஆம் ஆண்டு ஆய்வு, கடந்த ஒரு நூற்றாண்டில் வீட்டுக்கோழியின் கலப்பு காட்டில் கூடிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டியது. தோட்ட ஓரத்தில் கோழி வளர்ப்பவர்கள் சேவல்களைக் காட்டுப் பக்கம் திரிய விடாதீர்கள். அடுத்த அடை பொரிக்கும்போது ஒவ்வொரு குஞ்சின் முதுகையும் பார்த்து, தாய் தகப்பன் நிறத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று தலைமுறைக் கணக்கு கையில் இருந்தால், உங்கள் கோழிகளுக்குள் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.