சக்கரத்துக்கு ஒரு கடிவாளம்

இழுவைக் கட்டுப்பாடு காரை எப்படி நிலைப்படுத்துகிறது?

பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் சடக்கிலிருந்து மழைநாளில் கார் தார்ச்சாலைக்கு ஏறுகிறது. ஒரு முன்சக்கரம் தாரில், மற்றது சேற்றில். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் சேற்றுச் சக்கரம் வெறுமனே சுழல்கிறது. அப்படிச் சுழலும் டயர் உந்துவிசையோடு பக்கவாட்டுப் பிடிப்பையும் இழக்கிறது. வளைவில் இது நேர்ந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும்.

பல் வளையத்தைப் பாருங்கள்

இப்படி வீணாகச் சுழல்வதை அடக்குவதே இழுவைக் கட்டுப்பாடு. சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தின் பற்களைப் பக்கத்திலுள்ள உணரி எண்ணுகிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் கணினி ஒப்பிடுகிறது. ஒன்று மட்டும் மிஞ்சி ஓடினால், அதற்கு மட்டும் பிரேக் போட்டு, எஞ்சின் விசையையும் குறைக்கிறது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசை போய்ச் சேர்கிறது. டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் மஞ்சளாக மினுக்குவது அப்போதுதான்.

பேராக்கில்

தஞ்சோங் மாலிமில் தயாரான புரோட்டோன் இரிஸ் கார் 2014இல் வந்தபோது, அதன் எல்லா ரகங்களிலும் இழுவைக் கட்டுப்பாடு இருந்தது. கார் பக்கவாட்டில் திரும்பிச் சறுக்குவதைத் தடுக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் உடன் இருந்தது.

டயரே ஆதாரம்

இல்லாத பிடிப்பை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது. சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. தோட்டங்களில் நம் முன்னோர் விடியலில் மரம் சீவி எடுத்த இயற்கை ரப்பர் இன்றும் டயரில் கலக்கிறது. வழவழவென்று தேய்ந்த டயரை உடனே மாற்றுங்கள். ஓடும்போது மஞ்சள் விளக்கு மினுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்துங்கள்.