உட்பொதிந்த ஆற்றல் (கட்டுமானம்)

உட்பொதிந்த ஆற்றல் என்பது கட்டுமானப் பொருளுக்கான மூலப்பொருளைத் தோண்டி எடுப்பது முதல், அதைத் தயாரித்துப் பணியிடத்தில் சேர்ப்பது வரை செலவாகும் மொத்த ஆற்றலாகும். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம் போன்றவற்றுக்குச் செலவாவது இயக்க ஆற்றல் எனப்படும். இயக்க ஆற்றலை மின்கட்டணம் காட்டிவிடும். உட்பொதிந்த ஆற்றலுக்கு ரசீது கிடையாது. பசுமைக் கட்டடம் பற்றிய பேச்சில் அது விடுபட்டுப்போவது இதனால்தான்.

சிமெண்டில் இவ்வாற்றல் அதிகம். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணுடன் சேர்த்துச் சுமார் 1450 பாகை செல்சியசில் சுட்டே கிளிங்கர் பெறப்படுகிறது. எரிபொருளை மாற்றினாலும் உமிழ்வு நிற்காது; வெளியேறும் கார்பன் டைஆக்சைடில் பாதிக்கும் மேல் சுண்ணாம்புக்கல் சிதைவதாலேயே உண்டாகிறது. செங்கல் சூளையிலோ எரிபொருளோடு வயலின் மேல்மண்ணும் போகிறது.

தருமபுரி மாவட்டம் அதியமான்கோட்டையிலுள்ள சென்றாயப் பெருமாள் கோயில், விதான ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற கற்கோயில். கல்லுக்குச் சூளை தேவையில்லை; வெட்டவும் இழுக்கவும் மனித, விலங்கு உழைப்பே போதுமானதாக இருந்தது. செலவான ஆற்றலும் நூற்றாண்டுகளுக்குப் பங்கிடப்பட்டுவிட்டது. இயந்திரத்தால் அறுத்து, மெருகேற்றி, லாரியில் தொலைதூரம் செல்லும் இன்றைய கிரானைட்டை இக்கணக்கில் சேர்க்க இயலாது.

1989இல் தொடங்கப்பட்ட ஆரோவில் புவி நிறுவனம் பரப்பிவரும் அழுத்திய மண்கட்டியில், மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்ட் கலக்கப்படுகிறது. கட்டி சுடப்படுவதில்லை, ஈரம் காயாமல் சில வாரங்கள் வைத்தால் இறுகிவிடும். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் கற்களுக்கும் சூளை வேண்டாம். இடித்த வீட்டின் நாட்டு ஓடும் கதவு நிலையும் மீண்டும் பயன்பட்டால், ஏற்றிச் செல்லும் செலவைத் தவிரப் புதிய ஆற்றல் அநேகமாகத் தேவைப்படாது.