மூக்கில் சத்தம், காதில் வேர்
பூனை வைத்தியம் – 9

போன கிழமை பூனைச்சளியோடு நின்றோம். அதைக் கொண்டுவரும் ஹெர்பீஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களையும் மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்தக் கிழமை சத்திரசிகிச்சை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை: சளியைப் போலவே மூக்கைக் கரகரக்க வைத்து, இளம் பூனையின் தொண்டையை அடைக்கும் சதை ஒன்று உண்டு; அது பெரும்பாலும் தொண்டையில் பிறந்ததே அல்ல. அது நடுக்காதின் உட்தோலிலோ, அங்கிருந்து தொண்டைக்கு இறங்கும் சிறு குழாயிலோ முளைக்கிறது. அடுத்த வளவில் வேர்விட்டு நம் வேலியில் காய்க்கும் பாகற்கொடியைப் போல, மெல்லிய காம்பில் நீண்டு வந்து மெல்லண்ணத்துக்கு மேலே பருக்கிறது. சில பூனைகளில் அதே சதை எதிர்ப்பக்கம் திரும்பி, செவிப்பறையைத் துளைத்து வெளிக்காதில் தலைநீட்டும். மூக்கால் கரகரக்கும் பூனையின் காதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இது புற்றுநோய் இல்லை. அழற்சியால் வரும் பொலிப். காரணம் இன்னும் பிடிபடவில்லை. சளி வைரஸ்களைச் சதைக்குள்ளேயே தேடினார்கள். உறுதியான தொடர்பு அகப்படவில்லை.

ஆகவே என் வாதம் இது: ஒன்று இரண்டு வயதுப் பூனை வாரக்கணக்கில் குறட்டை விட்டால், விழுங்கும்போது ஓங்காளித்தால், மியாவ் குரல் மாறினால், இன்னொரு தடவை அன்டிபயோட்டிக் கொடுப்பதற்கு முன் அண்ணத்தின் பின்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகள் கிளப்பும் தூசுக்கு எந்தப் பூனைதான் தும்மாது என்று கேட்கலாம். தும்மும், சரி. ஆனால் தூசு குரலை மாற்றாது, தலையை ஒரு பக்கம் சாய்க்காது. அன்டிபயோட்டிக்கில் கொஞ்சம் குறைந்ததே என்பார்கள். சதைக்குப் பின்னால் தேங்கிய சளியில் சேர்ந்த கிருமி குறைந்திருக்கும்; சதை அங்கேயே இருக்கும். சீ.ரி. ஸ்கானுக்குப் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. நடுக்காதின் நிலையை அதுதான் நன்றாகக் காட்டும். ஆனால் முதற்பார்வைக்கு அது தேவையில்லை. பூனையை மயக்கி, மெல்லண்ணத்தை முன்னால் இழுத்துப் பார்த்தால் போதும். இழுக்க உதவுவது பெண்பூனைக்குக் கருத்தடை செய்யும்போது கருப்பையைத் தேடி எடுக்கும் அதே கொக்கி! அது இல்லாத மிருக வைத்தியர் கொழும்பில் இருக்க மாட்டார்.

இன்னொரு ஆட்சேபம் நம் மண்ணுக்கே உரியது: மூக்கில் சதை என்றால் குளத்தில் குளிப்பதால் வரும் றைனோஸ்போரிடியோசிஸ்தானே? மனிதருக்கு இந்த நோய் உலகிலேயே மிகுதியாக வருவது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும். 1900இல் புவெனஸ் அயர்ஸில் சீபர் என்பவர் இதை விவரித்தார். 1923இல் எடின்பரோவில் ஆஷ்வர்த் என்பவர் நோயை உண்டாக்கும் உயிரியின் வாழ்க்கை வட்டத்தை எழுதினார். பேராதனையில் பேராசிரியர் அர்சகுலரத்ன நெடுங்காலம் ஆராய்ந்தார். பூஞ்சை என்றே பலரும் நம்பிய அந்த உயிரியை, மீன் ஒட்டுண்ணிகளின் சொந்தக்காரர் என்று 1999இல் மரபணு ஆய்வு காட்டியது. சுவையான கதைதான், ஆனால் பூனையில் மிக அரிது. குளத்தில் முங்கும் பழக்கம் பூனைக்கு ஏது? அந்த நோயில் வரும் சதை வெண்புள்ளிகளோடு சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். பொலிப் வழுவழுப்பானது, காம்புடையது. வயதான பூனை என்றால் லிம்போமா என்ற புற்றுநோயை முதலில் நினைக்க வேண்டும். எதுவானாலும் எடுத்த துண்டை நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக்கூடாது.

வேர் காதில் என்பதால்தான் சிகிச்சையிலும் வம்பு. சதையைப் பிடித்து மெல்ல இழுத்தால் காம்போடு வந்துவிடும். பல பூனைகள் அன்றே நிம்மதியாக மூச்சுவிடும். வேர் தங்கிவிட்டால் மறுபடி வளரும். பின்னர் சில வாரங்கள் பிரெட்னிசொலோன் கொடுத்தால் திரும்பி வருவது குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. நடுக்காது வழியே கண்ணுக்குப் போகும் நரம்பு அருகில் இருப்பதால், சதையை இழுத்தபின் சில பூனைகளில் கண்மணி சுருங்கி இமை தொங்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும்.

மறுபடி மறுபடி வளர்ந்தால் கீழிருந்து நடுக்காதின் எலும்புக் குமிழைத் திறக்க வேண்டும். பூனைக்கு அந்தக் குமிழ் ஒரு சுவரால் இரண்டு அறையாகப் பிரிந்திருக்கிறது. சுவரை உடைக்காமல் ஓர் அறையை மட்டும் துப்புரவாக்கிய வைத்தியருக்கு என்ன நேரும் என்பதை அடுத்த கிழமை பார்ப்போம்.