சீமைக் குழந்தையின் மைமுகப் பொம்மை

1895-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸை ஒட்டி லண்டனில் ஒரு படப் புத்தகம் வெளிவந்தது. மரத்தால் செய்த இரண்டு டச்சுப் பொம்மைப் பெண்கள் நள்ளிரவில் உயிர் பெற்று உலாவப் புறப்படுகிறார்கள். திடீரென்று அவர்கள் எதிரே ஓர் உருவம் வந்து நிற்கிறது. மை அப்பினாற்போன்ற முகம். பிதுங்கி நிற்கும் வெள்ளை விழிகள். தடித்துச் சிவந்த உதடுகள். சிலிர்த்துக் கிளம்பிய தலைமயிர். இத்தனை கோலத்துக்கும் கீழே, துரைமார் விருந்துக்கு அணியும் வால் கோட்டு! பெண்கள் அலறுகிறார்கள். ஆனால், வந்தவன் பரம சாது. சீக்கிரத்திலேயே சிநேகிதனாகி விடுகிறான். அவன் பெயர் கோலிவாக்.

படங்களைத் தீட்டியவர் பிளாரன்ஸ் கேட் அப்டன் என்ற இளம் பெண். பாட்டுக்களை இயற்றியவர் அவருடைய தாயார் பெர்த்தா. பிளாரன்ஸ் 1873-ல் அமெரிக்காவில் பிறந்தவர். தகப்பனார் காலமான பிறகு குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. சித்திரக் கலை பயிலப் பணம் வேண்டியிருந்த சமயத்தில், நியூயார்க்கில் சிறு வயதில் விளையாடிய பழைய பொம்மை ஒன்று அத்தை வீட்டில் அகப்பட்டது. அதைப் பார்த்து எழுதியதுதான் கோலிவாக்.

அந்தப் பழைய பொம்மையின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் 1830-ம் வருஷம் முதற்கொண்டு ஒருவகைக் கூத்து பிரபலமாகி வந்தது. வெள்ளைக்காரர்கள் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பு அடிமைகளைப் போல் நடித்து, ஆடிப் பாடிக் கோமாளித்தனம் செய்வார்கள். அடிமை வியாபாரமும் சந்தையும் சவுக்கும் வெளியே நடந்து கொண்டிருக்க, கொட்டகைக்குள் ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிதுங்கிய விழியும் பெருத்த உதடும் அந்த வேஷத்தின் அம்சங்களே. ஆகவே, கோலிவாக் கறுப்பு மனிதனைப் பார்த்துச் செய்த பொம்மை அன்று. கறுப்பு மனிதனைப் பரிகசிக்க வேஷம் போட்ட வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்த பொம்மை!

அப்டன் அம்மையார் உருவத்தின் உரிமையைப் பதிவு செய்யவில்லை. விளைவு, கண்ட கண்ட கம்பெனிகளெல்லாம் கோலிவாக் செய்து விற்றன. ஜெர்மனியின் பிரசித்தி பெற்ற ஸ்டைப் கம்பெனியும் அவற்றுள் ஒன்று. பிரெஞ்சு சங்கீத மேதை டெபுஸ்ஸி 1908-ல் வெளியிட்ட பியானோ உருப்படி ஒன்றுக்குக்கூட இந்தப் பெயர் கிடைத்தது. ராபர்ட்ஸன் என்னும் மார்மலேடு கம்பெனி இவனைத் தன் வியாபாரச் சின்னமாக்கிக் கொண்டது. ஜாடியின் சீட்டுக்களைச் சேர்த்து அனுப்பிய குழந்தைகளுக்கு கோலிவாக் பதக்கமும் அளித்தது. 2001-ல்தான் அந்தச் சின்னத்தைக் கைவிட்டது. அம்மையாரோ 1917-ல் தம் மூலப் பொம்மைகளை யுத்த நிதிக்காக ஏலத்துக்குக் கொடுத்தார். அத்தொகையில் போர்முனைக்கு ஒரு ஆம்புலன்ஸ் வண்டி போயிற்று. அவர் உள்ளத்தில் துவேஷம் இருந்ததென்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் பிறர் கையில் சாது போக்கிரியானான். ஈனிட் பிளைட்டன் அம்மையார் 1951-ல் எழுதிய நாடி கதையொன்றில், கோலிவாக்குகள் இருண்ட காட்டில் நாடியின் காரைப் பறித்து, அவன் உடைகளையும் உருவிக் கொள்கின்றன. பெயரின் கடைசி அசையான 'வாக்' என்பது வெள்ளையர் வாயில் வசைச் சொல்லாகவும் வழங்கிற்று. அது பொம்மையிலிருந்து வந்ததா என்பதில் சொல்லாராய்ச்சிக்காரரிடையே ஒற்றுமை இல்லை. அந்த வசை எகிப்தியர், அராபியர் மீது மட்டுமின்றி இந்தியராகிய நம்மவர் மீதும் வீசப்பட்டது என்பதில் சந்தேகமில்லை.

"குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மைதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்புத் தம்பதியர் இந்தக் கேள்வியைக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்தார்கள். இருவரும் மனத்தத்துவ நிபுணர்கள். மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 253 கறுப்புக் குழந்தைகளின் முன் நிறத்திலும் மயிரிலும் மட்டும் வித்தியாசப்பட்ட நான்கு பொம்மைகளை வைத்தார்கள். விளையாட எது வேண்டும் என்றதற்கு நூற்றுக்கு 67 குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. பார்க்க நன்றாயில்லாதது எது என்றதற்கு நூற்றுக்கு 59 குழந்தைகள் கறுத்த பொம்மையைக் காட்டின. பிறகு, "உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?" என்று கேட்டார்கள். சில குழந்தைகள் விம்மி அழுதன. சில அறையை விட்டே ஓடின. 1947-ல் பிரசுரமான இவ்வாராய்ச்சியை ஒட்டிக் கிளார்க் எழுதிய கட்டுரை, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாதென்று 1954 மே 17-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம் பெற்றது.

இதற்கு வெகு காலம் முன்பே, தாமாக வழி கண்டவர் ரிச்சர்ட் ஹென்றி பாய்ட் என்னும் பாதிரியார். பிறவியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தம் இனக் குழந்தைகளுக்குத் தரக் கடைகளில் கேலிப் பொம்மைகளே கிடைக்கக் கண்டு, லட்சணமான கறுப்புப் பொம்மைகளை ஐரோப்பாவிலிருந்து தருவித்து, நாஷ்வில் நகரில் விற்கலானார். அவருடைய நேஷனல் நீக்ரோ டால் கம்பெனி நீடித்து நடக்கவில்லை. பின் வந்த வியாபாரிகள் சிக்கனமான உபாயம் கண்டார்கள்; வெள்ளைப் பொம்மையின் அச்சிலேயே பழுப்புச் சாயத்தை வார்த்துவிட்டு, இதோ கறுப்புப் பொம்மை என்றார்கள்!

லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் 1965-ல் பெருங் கலகம் மூண்டது. அதன் சாம்பலிலிருந்து எழுந்த கறுப்பு மக்களின் ஸ்தாபனம் ஒன்று, 1968-ல் ஷிண்டானா என்ற பொம்மைத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. கறுப்புக் குழந்தையின் மூக்கையும் உதட்டையும் உள்ளபடி பார்த்துப் புதிதாக அச்சுச் செய்தார்கள். முதல் பொம்மைக்குப் பேபி நான்ஸி என்று பெயர். தொழிற்சாலை 1983-ல் மூடப்பட்டது. பேபி நான்ஸியை 2020-ல் அமெரிக்காவின் தேசிய விளையாட்டுப் பொருள் கீர்த்தி மண்டபத்தில் சேர்த்தார்கள்.